எட்டாம் வகுப்புக் கையெழுத்து

ஏழாங்குன்று எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் லயத்து வரிசை வீடு ஒன்றில் குடியிருந்த ராக்கம்மாவுக்கு அந்த ஆனி மாதம் முழுக்கக் கேட்காமலே கிடைத்தவை இரண்டு: மழையும் யோசனையும். மழையாவது இடையிடையே விட்டது.

மாதக் கடைசியோடு அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைகிறது. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டிலிருந்து பேர் எடுத்துவிடுவார்கள். பேர் எடுத்த மூன்றாவது மாதம் லயத்து வீட்டின் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். அதே வீட்டிலிருந்து இன்னொருவர் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தால் மட்டுமே வீடு தங்கும். இந்தச் சட்டத்தை ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டி, மழைக்கு நனையாமல் மேலே கண்ணாடித்தாள் வேறு போட்டிருந்தார்கள். வீடுகளின் கூரைக்கு அந்தக் கரிசனம் வாய்த்ததில்லை. பத்தொன்பது வயதில் இலங்கையின் கண்டிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவள் ராக்கம்மா. முப்பத்தொன்பது வருஷமாக அந்த ஓர் அறையும் அடுப்படியும்தான் அவளுக்கு ஊர். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் சொந்தம் என்று சொல்லிப் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. புருஷன் போய் எட்டு வருஷம். வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள் மகள் ஜானகி. அவளோ எம்.ஏ. வரலாறு.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி காளிமுத்து வந்திருந்தான். நெல்லியாளத்தில் ஜீப் ஓட்டுகிறவன். ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் முன்னால் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“நான் அன்னைக்கே சொன்னேன் அக்கா, புள்ளைய நர்சுக்குப் படிக்க வையின்னு. நர்சுக்கு வெளிநாட்டுலகூட ஆள் கேக்குறான்.”

“அன்னைக்கு நீ போலீசுன்னுல சொன்ன.”

“போலீசும் சொன்னேன். வரலாறுன்னு சொன்னேனா?”

ராக்கம்மா அடுத்த ரொட்டியைக் கல்லில் அடித்துப் போட்டாள். வாசலில் ஜானகி குடையை உதறும் சத்தம் கேட்டது. காலையில் கூடலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டுப் போனவள், முழங்கால் வரை செம்மண்ணோடு வந்து நின்றாள். பாவாடை ஓரத்தில் ஓர் அட்டை ஊறிக்கொண்டிருந்தது. அதைச் சுண்டி எறிந்துவிட்டு உள்ளே வந்தாள்.

“என்னாச்சு?”

“வரலாறுக்கு ஆள் இருக்காங்களாம். பள்ளிக்கூடத்து பஸ்ஸுல புள்ளைங்கள ஏத்தி எறக்க ஆயா வேணுமாம். அதுக்கு வர்றியான்னு கேட்டாங்க.”

“ஆயாவுக்கு என்ன குடுப்பாங்களாம்?” என்றான் காளிமுத்து.

“டீச்சருக்குக் குடுக்குறதவிடக் கூட, மாமா.”

“பெறகென்ன, சேர வேண்டியதுதான?”

“எம்.ஏ.ன்னு தெரிஞ்சதும் வேணாம்னுட்டாங்க. படிச்சவங்க நெலைக்க மாட்டாங்களாம்.”

ராக்கம்மா சட்டுவத்தைக் கல்லின் மேல் டங்கென்று வைத்தாள். இரண்டு வருஷமாக இதே கதைதான். சர்க்காரின் எழுத்துப் பரீட்சையில் ஒன்றரை மதிப்பெண்ணில் தவறியது. பந்தலூர் ஜவுளிக்கடையில் பில் போடக் கேட்டபோது கணக்குப் படித்திருக்கிறாயா என்றார்கள். காலேஜில் பாடம் சொல்லப் போகலாம் என்றால் இன்னும் இரண்டு பட்டமும் ஒரு பரீட்சையும் வேண்டும் என்றார்கள். படிப்பு என்பதைப் பங்களாவுக்கு ஏறுகிற படிக்கட்டு என்று எண்ணித்தான் ராக்கம்மா மகளை ஊட்டிக்கு பஸ் ஏற்றினாள். ஏறி முடித்தேன் என்று பிள்ளை வந்து நின்றபோது, மேலே இன்னும் பத்துப் படி இருக்கிறது, கீழே ஏறிவந்த படிகளையும் எடுத்துவிட்டோம் என்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. ஆகையால் அவள் எல்லார் மேலும் கோபமாக இருந்தாள்.

“நடந்து முடிஞ்சத அஞ்சு வருசம் உக்காந்து படிச்சிருக்கா,” என்றாள். “நடக்கப்போறதுக்கு ஒண்ணத்தையும் காணோம்.”

லயத்தில் அந்தப் படிப்பு ஒரே ஒரு காரியத்துக்கு உதவியது. மனு எழுதுவதற்கு. குழாயில் தண்ணீர் வரவில்லை, கக்கூசுக் கதவு விழுந்துவிட்டது, கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவுக்கு ஆயா இல்லை என்று எது நேர்ந்தாலும் ஜானகியைத்தான் தேடி வருவார்கள். ஆறு வருஷமாக மூன்றாம் டிவிஷனிலிருந்து ஆபீசுக்குப் போன காகிதம் எல்லாம் அவள் கையால் எழுதியது. முத்து முத்தாக, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த எழுத்து. அவள் மனு கெஞ்சாது. இந்தக் குழாய் இன்ன வருஷம் போடப்பட்டது, இன்ன வருஷம் உடைந்தது, அப்போது இன்ன துரை இன்ன வாக்குக் கொடுத்தார் என்று வரிசையாக வருஷங்களை நிறுத்திவிட்டுக் கடைசி வரியில் மட்டும் கும்பிடு போடும். வருஷங்களுக்கு அவள் எந்தப் புத்தகத்துக்கும் போகவில்லை. கொழுந்துக் கூடையைக் கழற்றிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற தாயைக் கேட்பாள். ராக்கம்மா மழையையும் பிரசவத்தையும் சாவையும் கணக்கு வைத்துச் சொல்வாள். அச்சில் இருப்பதைக் காட்டிலும் அது சரியாக இருக்கும்.

“கொழுந்துக்குப் பேர் பதிஞ்சிரலாம்மா,” என்றாள் ஜானகி, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. குரலில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் ராக்கம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம்.

“பதியவும் ஏலாதுடி. எட்டாவதுக்கு மேல படிச்ச ஆள மலைக்கு எடுக்கிறதில்ல. போன வருசம் டிப்ளமா படிச்ச பயலத் திருப்பி விட்டாங்க. படிச்சதுக யூனியன் பேசுதுகளாம்.”

காளிமுத்து சம்பலை வழித்து நக்கிவிட்டு யோசனை சொன்னான். “எட்டாவதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இந்த ஆபீசுல பெரிய கிளார்க்கு புதுசு, தையில வந்த ஆளு. யாரு என்ன படிச்சிருக்கான்னு அவரு கண்டாரா, கேட்டாரா? பட்டத்த பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டு.”

“பூட்டாமயே அது அங்கதான மாமா இருக்கு,” என்றாள் ஜானகி.

மறுநாள் விண்ணப்பப் பாரம் கைக்கு வந்தது. யார் அதை நிரப்புவது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேள்வி எழவில்லை. லயத்துக்கு வரும் எந்தப் பாரத்தையும் நிரப்புகிற கை ஜானகியுடையது. அவள் உட்கார்ந்தாள், எழுதினாள். கல்வித் தகுதி என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று முத்து முத்தாக, வலப்பக்கம் லேசாகச் சாய்த்து எழுதினாள். கீழே, ஓய்வு பெறும் தொழிலாளி என்ற இடத்தில், தாயின் கைநாட்டு.

ராக்கம்மாவுக்கு எழுத்து வரும். அறிவொளிக்காரர்கள் லயத்துக்கு வந்த காலத்தில், மகளை மடியில் போட்டுக்கொண்டு ஆறு மாதம் சிலேட்டில் எழுதிப் பழகியவள். பழகிய கையோடு சம்பளத்தன்று கையெழுத்துப் போடப் போனபோது கணக்கப்பிள்ளை தடுத்துவிட்டார். ‘பழைய ரிக்கார்டெல்லாம் கைநாட்டு, இப்ப எழுத்தப் போட்டா பி.எஃப்.ல ரெண்டு ஆளாயிருவ’ என்றார். இரண்டு ஆளாவதற்குப் பயந்து அவள் பெருவிரலாகவே இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை, காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பிய பிறகு, ராக்கம்மா பாரத்தை பிளாஸ்டிக் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். பெரிய கிளார்க் சில்வஸ்டர் வயநாட்டுக்காரர்; அவர் தமிழில் பாதி மலையாளம் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாரத்தை ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி மறுபடி பார்த்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, நூல் கட்டிய தடித்த ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து பாரத்தின் பக்கத்தில் விரித்து வைத்தார்.

“ராக்கம்மா சேச்சி, இந்தப் பாரம் ஆரு எழுதியதா?”

“எம்மகதாங்கய்யா.”

“எட்டாம் கிளாஸ்.”

“எட்டாவது பெயிலுங்கய்யா.” கேட்காத பொய்யையும் சேர்த்துக் கொடுத்தாள்.

சில்வஸ்டர் ஃபைலைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். எல்லாம் அவள் மகளின் எழுத்து. குழாய், கதவு, ஆயா, கூரை. ராக்கம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

“ஆறு மாசமா நான் இந்தக் கையத் தேடுறேன். கூடலூர்ல ஏதோ வக்கீல் குமஸ்தான்னு விசாரிச்சு. தொர என்னை விளிச்சுக் கேக்குறார், ‘சில்வஸ்டர், தொண்ணூத்திரண்டுல குழாய் ரிப்பேர் செஞ்சதுன்னு எழுதியிருக்கே, அதுக்கு அப்புறம் எந்தா செஞ்சது?’ எனக்கு எங்ஙன தெரியும் சேச்சி? தொண்ணூத்திரண்டுல நான் பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்லிட்டு இருந்து.”

“தெரியாத புள்ளைங்கய்யா…”

“தெரியாத புள்ளையோ? இந்த ஆபீசுல உள்ளவங்களுக்கெல்லாம் தெரியாதது அதுக்குத் தெரியும்.”

அவர் கெட்ட மனுஷன் இல்லை. பருவக் கொழுந்து மலையில் முற்றிக்கொண்டிருந்தது. பறிக்க ஆள் இல்லை. இருந்த பிள்ளைகளெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். வெளியே மழையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பாரத்துல எட்டுன்னு உண்டு. நான் பாரத்த விசுவசிக்கிறேன். எட்டாம் கிளாஸ் படிச்ச குட்டி இதுபோல மனு எழுதாது. அல்லே?”

“எழுதாதுங்கய்யா.”

“இனியும் எழுதாது. ஆறு மாசம் டெம்பரரி, அது கழிஞ்சா பெர்மனென்ட். வீடு உங்களுக்கே. அதுக்குள்ள இந்தக் கையெழுத்து ஒரு கடுதாசியில, ஒரே ஒரு கடுதாசியில இந்த மேசைக்கு வந்தா, அன்னைக்கு அது எம்.ஏ. மனசிலாயோ?”

எழுத்தை வைத்து அவர் குத்துமதிப்பாகச் சொன்ன எம்.ஏ. சரியாக விழுந்திருந்தது. ராக்கம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் ஜானகி முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“எவ்வளவோ ஆபீசு ஏறி எறங்குனேன். நான் படிச்சவன்னு கண்டுபிடிச்ச மொத ஆபீசு இதுதாம்மா.”

“சிரிக்காத. எனக்கு ஆத்திரமா வருது.”

ஆடி முதல் வாரம் ஜானகி மலைக்குப் போனாள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, காலில் அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவி அனுப்பி வைத்தாள் ராக்கம்மா. அனுப்பியவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் குடையைப் பிடித்துக்கொண்டு மலையோரத்தில் போய் நின்று பார்த்தாள். ஒவ்வொரு செடியின் முன்னாலும் ஜானகி நின்று, பார்த்து, பிறகு கத்தரியை வைத்தாள்.

“என்னடி அது, செடியக் கண்டு கும்புட்டுக்கிட்டு நிக்கிற? கத்தரிய ஓட்டு.”

“முத்தல் வந்துறக் கூடாதுன்னு பாக்குறேன்மா.”

“பாத்துப் பாத்துப் பறிச்சா அரைப்பேர்தான் போடுவான். அரை நாள் கூலிக்கா இந்த மழையில நனையிற?”

நிறுவையில் ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழித்தார்கள். ஜானகி காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். தாய்க்குத் தெரியும், மகளுக்குள் அந்த இரண்டு கிலோ எந்த வருஷத்திலிருந்து கழிக்கப்படுகிறது என்ற கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வாரமே அடுத்த வீட்டு மூக்கம்மா வந்துவிட்டாள். லயத்திலிருந்து கக்கூசுக்குப் போகிற பாதையில் இருந்த விளக்கு அணைந்து பல வருஷமாயிற்று. இப்போது பலாப்பழக் காலம். வாசனைக்கு யானை இறங்கும். வெள்ளென எழுந்து போகிறவர்களுக்கு எதிரே நிற்பது மரமா யானையா என்று தெரிவதில்லை.

“ஜானகி, ஒரு மனு போட்டுக் குடு புள்ள.”

ஜானகி தாயைப் பார்த்தாள். ராக்கம்மா முந்திக்கொண்டாள்.

“அவளுக்கு எழுத ஏலாது.”

“ஏன், கை உளுந்துருச்சா?”

“அவ எட்டாவதுதான் படிச்சிருக்கா.”

மூக்கம்மா முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். எதிரே இருந்த இரண்டு முகங்களிலும் சிரிப்பு இல்லை என்று கண்டதும் அவள் முகம் மாறியது.

“ஓகோ. இவ ஊட்டிக்குப் படிக்கப் போறப்ப நான்தானடி முறுக்குச் சுத்தி டப்பாவுல போட்டுக் குடுத்தேன்? இப்பப் பேர் பதிஞ்சு வீடு நெலச்சதும் நாங்க யாரோ. நல்லாயிருங்க.”

“மூக்கா, ஆபீசுல என்ன சொன்னாங்கன்னு தெரியுமாடி உனக்கு?”

“எனக்கு என்ன தெரியும்? நான் எட்டாவதுகூடப் படிக்கல,” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

மூக்கம்மா கேட்டுக்கொண்டதால் காளிமுத்து ஒரு மனு எழுதினான். ‘ஐயா, லைட் இல்லை, யானை உள்ளது, ஆவன செய்யவும்.’ விவரம் போதாது என்று அது திரும்பி வந்தது. எட்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில், மூக்கம்மாவின் புருஷன் இசக்கி பலாமரத்தடியில் கறுப்பாக எதையோ கண்டு ஓடி, வாய்க்காலில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். கண்டது யானைதான். அது பழத்தைத் தின்றுவிட்டு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. இசக்கியை ஜீப்பில் தூக்கி ஏற்றும்போது மூக்கம்மா இவர்கள் வாசலைப் பார்த்தாள். திட்டியிருந்தால் ராக்கம்மா பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள்.

அன்று சாயங்காலம் ஜானகி வேலை விட்டு வந்து, படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொழுந்துக் கறை ஏறி விரல்கள் கறுத்திருந்தன.

“நான் எழுதப்போறேன்மா. பேர எடுத்தா எடுக்கட்டும்.”

“எடுத்தா எங்கடி போறது? உன்னோட வரலாத்த விரிச்சு அதுல படுக்கவா?”

“அப்ப என்னதாம்மா செய்யச் சொல்ற?”

ராக்கம்மா எழுந்தாள். பரணிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தாள். அரிசிப்பெட்டியின் மூடியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகளின் பேனாவை வாங்கி, செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பது போல் இறுக்கிப் பிடித்தாள்.

“சொல்லு.”

“எதம்மா?”

“மனுவத்தான். நீ சொல்லு, நான் எழுதுறேன். என்னோட எழுத்து இந்த ஆபீசுல ஒரு பயலுக்கும் தெரியாது.”

ஜானகி சம்மணமிட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள்.

“மேற்குறிப்பிட்ட டிவிஷனில் நிரந்தரமாகக் குடியிருந்துவரும்…”

“இந்த மேற்குறிப்பிட்டதெல்லாம் உன் காலேஜோட வச்சுக்க. சின்னச் சின்னதாச் சொல்லித் தொலை.”

“சரி. எங்கள் லயத்தில் நாற்பது வீடு உண்டு.”

‘நாற்பது’ முடியும்போது தேத்தண்ணி ஆறிவிட்டது. ராக்கம்மாவின் நெற்றியில் வேர்த்திருந்தது.

“வெளக்கு எந்த வருசம்மா போட்டாங்க?”

“வருசம் வேணாம்டி. வருசத்தப் பாத்தா நீதான்னு கண்டுபிடிச்சிருவான்.”

“வருசம் இல்லாட்டி மனு நிக்காதும்மா. மாமா எழுதுனது அதனாலதான் திரும்பி வந்துச்சு.”

ராக்கம்மா பேனாவை வைத்துவிட்டு நெட்டி முறித்தாள். “நீ நடக்கப் பழகுன மழைக்கு. தொண்ணூறு.”

“அணஞ்சது?”

“உங்கப்பா செத்த வருசம்.”

“அப்பாவத் தூக்கிட்டுப் போறப்ப எரிஞ்சுச்சா?”

“எரிஞ்சுச்சு. கருமாதிக்கு மொத நாளு அணஞ்சிருச்சு. ரெண்டாயிரத்தி ஆறு, ஐப்பசி.” சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே அதைத் தாளில் எழுதினாள். எழுத்துகள் கொழுந்துக்காரிகள் சரிவில் நிற்பது போல ஒன்று மேலே, ஒன்று கீழே நின்றன. ஆனால் எல்லாம் நின்றன.

ஒன்பது வரி எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கை தானாக மையைத் தேடிப் பெருவிரலை நீட்டியது. ராக்கம்மா அந்த விரலைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டாள். மு. ராக்கம்மா, ஓய்வு பெற்ற தொழிலாளி என்று எழுதினாள்.

மறுநாள் ஆபீசில் சில்வஸ்டர் மனுவை வாங்கிப் படித்தார். தொண்ணூறு, இரண்டாயிரத்தாறு என்ற வருஷங்களுக்கு வந்ததும் விரல் நின்றது. நிமிர்ந்தார்.

“இது ஆரு எழுதியதா?”

“நாந்தாங்கய்யா.”

“சேச்சி கைநாட்டு அல்லே?” பழைய செக்ரோலை எடுத்துப் புரட்டினார். பக்கம் பக்கமாக ராக்கம்மாவின் பெருவிரல். முப்பத்தொன்பது வருஷம் நீல மையில் கிடந்தது. “இது நோக்கு. ஒரு கையெழுத்து இல்ல.”

“கணக்கப்பிள்ளைதான் போட வேணாம்னாருங்கய்யா. வேணும்னா இப்ப எழுதிக் காட்டட்டுங்களா?”

சில்வஸ்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசைமேல் தள்ளினார். “எழுது. காணட்டும்.”

“என்னத்த எழுதட்டும்?”

“எந்தெங்கிலும், என்னவாவது எழுது சேச்சி. இந்த மனுவில் உள்ளது வேண்டாம். வேற.”

ஆபீசில் தொழிலாளி உட்காரும் வழக்கம் இல்லை. ராக்கம்மா எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு எழுதத் தொடங்கினாள். கடிகாரம் ஓடியது. கூரையில் மழை ஏறி இறங்கியது. வாசலில் இரண்டு பேர் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். சில்வஸ்டர் முதலில் எழுத்தைப் பார்த்தார். பிறகு, எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று, எழுதியிருப்பதைப் படித்தார். எழுபத்தொன்பதில் போட்ட குழாய் தொண்ணூற்றிரண்டில் ஒரு தடவை பழுது பார்த்தது, அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்று இருந்தது.

“போதும் சேச்சி. விசுவசிச்சு.” அவர் விளக்கு மனுவை எடுத்து, பெறப்பட்டது என்ற முத்திரையை ஓங்கிக் குத்தினார். “போதும்னு சொன்னேன்.”

“இருங்கய்யா, இது குழாய்க்கு,” என்றாள் ராக்கம்மா தலை நிமிராமல். “கூரைக்குத் தனியா எழுதணும்.”

சில்வஸ்டர் அடுத்த தாளை எடுத்து நீட்டவில்லை. அவளே கை நீட்டி எடுத்துக்கொண்டாள்.